மைக்ரோவேவில் வைத்தும் எறும்பு ஏன் சாகவில்லை?

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார்: "மைக்ரோவேவ் அடுப்புக்குள் பொடிப்பொடியாக மஞ்சள் எறும்பு. கதவை மூடி ஒரு நிமிடம் ஓடவிட்டேன். திறந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. அடுப்பு கெட்டுவிட்டதா? கதிர் வெளியே கசிகிறதா? தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு வாங்கிய அரிசியில் ஐந்து கிலோ மிச்சம். அதிலும் வண்டு. அதையாவது மைக்ரோவேவில் வைத்து எடுக்கலாமா?"

எறும்பு பிழைத்ததை வைத்து அடுப்பு கெட்டது என்றோ கதிர் கசிகிறது என்றோ நினைக்க வேண்டாம். ஒரு குவளைத் தண்ணீர் வழக்கம்போலச் சூடாகிறதா, கதவு இறுக்கமாக மூடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் அடுப்பைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். அரிசியை மட்டும் அதில் வைக்க வேண்டாம். இன்னொரு வேண்டுகோள்: இனி ஒருபோதும் அடுப்பைக் காலியாக ஓடவிடாதீர்கள். அலையை வாங்கிக்கொள்ள உள்ளே உணவு இல்லாவிட்டால், அது சுவர்களில் மோதித் திரும்பி, தன்னை உண்டாக்கும் மாக்னெட்ரானையே சூடாக்கும். அடுப்பில் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று.

இனி எறும்பு விஷயத்துக்கு வருவோம். "எறும்பு அலையைவிடச் சின்னது, அதனால் அலை அதன்மேல் படாது" என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. தண்ணீரின் மூலக்கூறு எறும்பைவிடப் பல லட்சம் மடங்கு சின்னது. அதை அசைத்துத்தானே அடுப்பு சூடாக்குகிறது! எறும்பின் உடம்பிலும் தண்ணீர் உண்டு, அதுவும் சூட்டை வாங்கத்தான் செய்யும். அது தப்பிப்பதற்குக் காரணங்கள் வேறு.

வீட்டு மைக்ரோவேவின் அலை நொடிக்கு 245 கோடி முறை துடிக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். உலோகப் பெட்டிக்குள் இந்த அலை நாலா பக்கமும் மோதித் திரும்பும்போது, சில இடங்களில் ஒன்றோடொன்று கூடி வலுவாகிறது, சில இடங்களில் ஒன்றையொன்று தணித்துவிடுகிறது. அதனால்தான் நேற்றைய சாம்பார் சாதம் ஓரத்தில் கொதித்து நடுவில் சில்லென்று இருக்கிறது. தட்டு சுழல வேண்டிய தேவையும் இதனால்தான் வந்தது.

இதை உங்கள் அடுக்களையிலேயே பார்க்கலாம். சுழலும் கண்ணாடித் தட்டையும் அதன் அடியில் உள்ள சக்கர வளையத்தையும் எடுத்துவிடுங்கள். நடுவில் துருத்தி நிற்கும் சுழலியின்மேல் படாதபடி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் அகலத் தட்டு ஒன்றை வையுங்கள். தட்டு சுழலக்கூடாது. அதில் பொரிக்காத உளுந்து அப்பளங்களை நெருக்கமாகப் பரப்பி, இருபது முப்பது நொடி ஓடவிட்டு நிறுத்துங்கள். சில இடங்களில் அப்பளம் வெள்ளையாகப் பொரிந்திருக்கும், பக்கத்திலேயே பச்சையாகக் கிடக்கும். பொரிந்த திட்டுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்தால் பெரும்பாலும் ஆறு சென்டிமீட்டரை ஒட்டி வரும். அலை நீளத்தில் அது பாதி. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை ஒருமுறையாவது செய்து காட்டுங்கள். பள்ளிப் புத்தகத்தில் கோடாக மட்டும் பார்த்த அலையை அவர்கள் அப்பளத்தில் பார்ப்பார்கள்.

பொரியாத அந்தத் திட்டுகள்தான் எறும்பின் புகலிடம். சூடு உறைத்தால் அது நகர்ந்துவிடும், அப்பளத்தால் நகர முடியாது. இன்னொன்று, எறும்பு பெரும்பாலும் அடுப்பின் தரையிலும் சுவரிலும்தான் ஊர்கிறது. அவை உலோகம். உலோகத்தின் மேற்பரப்பில், அதற்கு இணையாக உள்ள மின்புலம், அதாவது அலையில் தண்ணீரை அசைத்துச் சூடாக்கும் மின்விசை, அற்றுப்போகும். இரண்டு மில்லிமீட்டர் எறும்பு அந்த வலுக்குறைந்த அடுக்குக்குள்ளேயே நடக்கிறது.

உடம்பின் அளவும் கைகொடுக்கிறது. சூட்டை வாங்குவது உடம்பின் பருமன், இழப்பது அதன் மேற்பரப்பு. உடம்பு சிறுக்கச் சிறுக்க, பருமனோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு கூடிக்கொண்டே போகும். பெரிய கிண்ணத்துக் கஞ்சி சூடு ஆறாமல் இருக்க, கரண்டியில் எடுத்தது சட்டென்று ஆறுவதும் இதனால்தான். மைக்ரோவேவ் காற்றைச் சூடாக்குவதில்லை, உள்ளே விசிறிக் காற்றும் ஓடுகிறது. எறும்பு வாங்கிய சூட்டை அந்தக் காற்று உடனுக்குடன் வாங்கிக்கொள்கிறது. அதற்காக எறும்புக்குச் சாவே இல்லை என்று அர்த்தமில்லை. கொதிக்கும் குழம்பில் விழுந்தால் சாகும். வலுவான இடத்தில் சிக்கினாலும் சாகலாம். கரப்பான் போன்ற பெரிய உடம்பு இன்னும் சீக்கிரம் சூடேறும்.

கசிவைப் பற்றி ஒரு வார்த்தை. எறும்பு நுழைகிற துளை வழியாக அலை வெளியேறாதா என்ற பயம் நியாயமானதுதான். கதவின் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள உலோக வலையையும், பக்கவாட்டுக் காற்றுத் துளைகளையும் பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டர் அகலம்தான். 12 சென்டிமீட்டர் அலைக்கு அது அடைத்த சுவர் மாதிரி. கதவு கோணியிருந்தாலோ கீல் தளர்ந்திருந்தாலோதான் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும்.

அடுப்பை எறும்புக்கு மருந்தாக்க நினைப்பதை விட்டுவிட்டு, அது ஏன் வருகிறது என்று பாருங்கள். சக்கர வளையத்தின் அடியிலும் மேற்கூரையிலும் தெறித்த பாலும் கறிக்குழம்பும் காய்ந்து கிடக்கும். ஒரு கிண்ணம் தண்ணீரில் எலுமிச்சைத் துண்டுகளும் ஒரு மரக்கரண்டியும் போட்டு மூன்று நிமிடம் வையுங்கள். கரண்டி இல்லாவிட்டால் தண்ணீர் கொதிநிலை தாண்டியும் அசையாமல் இருந்து, கை பட்டதும் பொங்கித் தெறிக்கலாம். பிறகு ஐந்து நிமிடம் கதவைத் திறக்காமல் விட்டால் கறை இளகிவிடும். சோப்புத் தண்ணீர்த் துணியால் உள்ளேயும், எறும்பு வரிசை வந்த சுவர் வழியிலும் துடையுங்கள். அவை விட்டுப்போகும் வாசனைத் தடம் அழிந்துவிடும்.

நீங்கள் சொல்லும் மஞ்சள் பொடி எறும்பு பாரோ எறும்பாக இருக்கலாம். அப்படியானால் ஸ்ப்ரே அடிப்பதுதான் பெரிய தவறு. ஒரே கூட்டில் பல ராணிகள் உண்டு. மருந்து பட்டதும் கூடு உடைந்து நாலைந்து இடத்தில் புதுக்கூடு கட்டும். இரை மருந்தே சரி. வேலைக்கார எறும்பு அதைக் கூட்டுக்கு எடுத்துப்போய் ராணிக்கும் ஊட்டும். அடுப்புக்குள் வைக்காமல், வரிசை வரும் வழியில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சில நாள் பொறுக்க வேண்டும். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழைய வழியும் பலன் தரும். ஆனால் ஏடிஸ் கொசு முட்டையிடும் இடங்களில் அந்தக் கிண்ணமும் ஒன்று. டிங்கிக் காய்ச்சல் உள்ள ஊரில் அதைத் தேய்த்துக் கழுவி வாரம் ஒருமுறையாவது தண்ணீர் மாற்றாமல் இருக்கவே கூடாது.

கரப்பான் அடுப்பின் கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பின்னால் குடியிருந்தால், மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். உள்ளே 2,000 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் மின்தேக்கி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். இதில் உயிர் போகும் ஆபத்து உண்டு. பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

இனி அரிசி. வண்டு தாய் அரிசிமணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். புழுவும் கூட்டுப்புழுவும் உள்ளேயே வளர்கின்றன. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரப்பதத்திலும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் புது வண்டு வெளியே வருகிறது. மைக்ரோவேவில் வைத்தால் அப்பளத்தில் பார்த்த அதே கதைதான். சில இடம் கருகும், சில இடத்தில் புழு பிழைத்துக்கொள்ளும். காய்ந்த அரிசி தீய்ந்து புகையவும் கூடும். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் மணிக்குள் இருக்கும் புழுவை எட்டாது.

ஐஸ்பெட்டியின் உறைபகுதிதான் நல்ல வழி. அரிசியை ஒரு கிலோ பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டி, ‑18 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் வெளிக்காற்றின் ஈரம் அரிசியில் படியும். பிறகு முறத்தில் புடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். சமைக்கும்போது இரண்டு மூன்று தண்ணீர் களைந்தால் செத்த வண்டு மிதந்து போய்விடும். பூஞ்சை வாடை அடிக்காத வரை அந்த அரிசியைச் சமைத்துச் சாப்பிடலாம்.