நீல விளக்கு யாருக்காக எரிகிறது? – வாசகர் கேள்வி பதில்

கே: ரோபோக்கள் தாங்களாகவே சமிக்ஞை கொடுக்கக் கற்றுக்கொண்டன என்கிறார்களே, நிரலில் எழுதாமல் அது எப்படி வரும்?

ப: நிரல் உண்டு. 'இந்த விளக்குக்கு இதுதான் பொருள்' என்ற வரி மட்டும் அதில் இருக்காது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் டாரியோ ஃப்ளோரியானோ, லாரன்ட் கெல்லர் குழுவினர் 2007-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஒரு களத்தில் 10 ரோபோக்கள். ஓரிடத்தில் 'உணவு', இன்னோரிடத்தில் 'விஷம்'. இரண்டும் சிவப்பாகவே ஒளிரும். எது எது என்பது பக்கத்தில் போய்த் தரை சென்சாரில் பட்டால்தான் தெரியும். உணவருகே நிற்கும் ஒவ்வொரு கணத்துக்கும் மதிப்பெண் ஏறும், விஷத்தருகே இறங்கும். ரோபோக்கள் நீல விளக்கை எரிக்கலாம், மற்றவற்றின் நீலத்தைக் கேமராவில் பார்க்கலாம்.

ரோபோவின் நடத்தையைத் தீர்மானிக்கும் எண்களின் தொகுப்புதான் அதன் 'மரபணு'. அதிக மதிப்பெண் பெற்றவற்றின் மரபணுவைச் சிறிது மாற்றி அடுத்த தலைமுறையை உருவாக்குவார்கள். முதல் தலைமுறையில் விளக்குகள் கண்டபடி எரியும். ஆனால் உணவைக் கண்டவை அங்கேயே தங்குவதால், அந்தப் பக்கம் நீலம் தானாகவே அடர்ந்துவிடும். ஆகவே நீலத்தை நோக்கிப் போகிறவை முதலில் ஜெயிக்கின்றன. உணவருகே வேண்டுமென்றே விளக்கெரிப்பது அதற்குப் பிறகுதான் பயன் தருகிறது. அதாவது கேட்பவர் முதலில் உருவாகிறார், சொல்பவர் பின்னால் வருகிறார். சில கூட்டங்களில் இது தலைகீழாகி, விஷத்தருகே விளக்கெரித்து எச்சரிக்கும் வழக்கம் வந்தது. பலன் குறைவுதான், ஆனாலும் ஒருமுறை படிந்தபின் மாறுவதில்லை. சொல்பவர் மட்டும் மாறினால் கேட்பவர் தவறான பக்கம் ஓடுவாரே!

கே: ரோபோ ஏமாற்றுமா?

ப: ஏமாற்றும். உறவில்லாத ரோபோக்களை ஒரே கூட்டத்தில் விட்டு, தனித்தனி மதிப்பெண்ணை வைத்துத் தேர்ந்தெடுத்தபோது, அவை உணவிலிருந்து தள்ளி விளக்கெரித்து மற்றவற்றைத் திசைதிருப்பின. ஒரே மரபணு உள்ள கூட்டத்திலோ, முழுக் கூட்டத்தின் மதிப்பெண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலோ நேர்மையான சமிக்ஞை வளர்ந்தது. பக்கத்தில் இருப்பவன் பிழைத்தால் எனக்கு என்ன லாபம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கே: இதைக் கணினியில் செய்து பார்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம், எங்கே சறுக்கும்?

ப: ரோபோவின் மூளையாக இயங்கும் நரம்பு வலையை (உள்ளீடுகளை எடையிட்டுக் கூட்டி வெளியீடாக மாற்றும் கணக்கு) சின்னதாக வையுங்கள். கேமராவின் 360 டிகிரியை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் சிவப்பின் அளவு, நீலத்தின் அளவு என எடுத்தால் 8 உள்ளீடு. தரை சென்சாருக்கு 2. வெளியீடு மூன்று: இரு சக்கரங்கள், ஒரு விளக்கு. 30 இணைப்புகளுக்கும் எட்டெட்டு பிட் கொடுத்தால் மரபணு 240 பிட்.

100 கூட்டம், ஒவ்வொன்றிலும் 10 ரோபோ, 10 ஓட்டம், ஓட்டத்துக்கு 1200 படி என்றால் ஒரு தலைமுறைக்கே 1.2 கோடி கணக்கீடு. 500 தலைமுறைக்கு 600 கோடி. சாதாரண பைத்தான் லூப்பில் போட்டால் மிக நீண்ட நேரம் இழுக்கும். நம்பை (NumPy) என்ற பைத்தான் கணித நூலகத்தைக் கொண்டு மொத்தமாகக் கணக்கிடுங்கள், அல்லது சி++ பக்கம் போங்கள். முதலில் கூட்டத்தின் பத்தும் ஒரே மரபணுவாக இருக்கட்டும். மதிப்பெண்ணில் மேலே உள்ள 20 சதவீதத்தை வைத்துக்கொண்டு, பிட்டுக்கு 1 சதவீத வாய்ப்பில் மாற்றம் செய்யுங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது இடத்தில்தான். உணவு எப்போதும் ஒரே மூலையில் இருந்தால் 'இடப்பக்கம் திரும்பு' என்பதே போதும், விளக்குக்கு வேலையில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் உணவு, விஷம், தொடக்க இடம் மூன்றையும் கலைத்துப் போடுங்கள். அடுத்தது, வரைபடத்தில் விளக்கு அழகாக எரிவதைப் பார்த்து மயங்குவது. நீல விளக்கே இல்லாத இன்னொரு தொகுதியையும் இதேபோல் தொடக்கத்திலிருந்து வளர்த்து, மதிப்பெண்களை ஒப்பிடுங்கள். இரண்டும் சமம் என்றால் அங்கே தகவல் தொடர்பு ஏதும் இல்லை. வேறு வேறு சீரற்ற தொடக்கங்களில் 20 முறையாவது ஓட்டுங்கள். ஒரே ஓட்டத்தை வைத்து எச்சரிக்கை வகையா, அழைப்பு வகையா என்று முடிவு கட்ட முடியாது. நிஜ ரோபோவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் சென்சார் அளவுகளில் இரைச்சலை இப்போதே கலந்துவிடுங்கள். இரைச்சலே இல்லாமல் வளர்ந்த வலை மேசைமேல் வந்ததும் சுவரில் முட்டி நிற்கும்.

கே: விளக்கு, ஒலி எதுவும் இல்லாவிட்டால்?

ப: அசைவே போதும். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மேட் குவின் 2001-இல், அருகில் ஏதாவது இருப்பதை உணரும் அகச்சிவப்புச் சென்சார் மட்டும் உள்ள இரண்டு ரோபோக்களை, சேர்ந்து நகர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு பரிணமிக்க விட்டார். யார் முன்னே போவது, யார் பின்தொடர்வது என்பதை அவை ஒன்றின் அசைவை மற்றொன்று உணர்ந்தே தீர்மானித்துக்கொண்டன.