மூன்று முறை படித்தும் ஏன் வரவில்லை? தேர்வுக்காலக் கேள்வி-பதில்

தேர்வு நெருங்கும்போது வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், சொற்கள்தான் வேறு: "படிச்சேன், ஆனா வரல." அதிலிருந்தே தொடங்குவோம்.

பிளஸ் டூ இயற்பியல். ஒவ்வொரு பாடத்தையும் மூன்று முறை படித்துவிட்டேன். முக்கியமான வரிகளை மஞ்சள் மார்க்கரில் அடித்தும் வைத்திருக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. திருப்புதல் தேர்வில் விடை பாதியில் நின்றுவிடுகிறது. என்ன செய்வது? – மாணவி, திருவாரூர்

"தெரிந்த மாதிரி இருக்கிறது" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். மூன்றாவது முறை புரட்டும்போது அந்தப் பக்கம் கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும். அந்தப் பழக்கத்தையே மனம் 'தெரியும்' என்று கணக்கில் வைத்துக்கொள்ளும். தேர்வறையில் பக்கம் கிடையாது, வெள்ளைத்தாள் மட்டும்தான். வெள்ளைத்தாளைப் பார்த்து எழுதிப் பழகாத கை அங்கே நிற்கத்தான் செய்யும்.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பத்தியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது நான்கு தடவை படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

வீட்ஸ்டோன் சமனச்சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் நிதானமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடி வேறு இடத்தில் வையுங்கள், மேசையில் இருந்தால் கை போகும். ஒரு தாளில் நீலப்பேனாவால் படத்தைப் போட்டு, மின்னோட்டங்களைக் குறித்து, கிர்க்காஃப் விதிகளை எழுதி, கடைசிச் சமன்பாடு வரை போங்கள். நின்றுவிட்டால் உடனே புத்தகத்தைத் திறக்காமல் இரண்டு நிமிடமாவது தேடுங்கள். அந்தத் தவிப்பு வீணில்லை, நினைவு பிடிப்பதே அப்போதுதான். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்புப் பேனாவால் நிரப்புங்கள்.

பெரும்பாலான தாள்களில் சிவப்பு விழுவது ஒரே இடத்தில்: சமநிலையில் கால்வனோமீட்டர் வழியாக மின்னோட்டம் சுழி என்ற வரி. அது இல்லாமல் அடுத்த வரிக்குப் போகவே முடியாது, ஆனால் வாசிக்கும்போது கண் அதைத் தாண்டிவிடும். இரண்டாவது இடம், சமன்பாடுகளை ஏன் ஒன்றால் ஒன்றை வகுக்கிறோம் என்பது.

மறுநாள் படிக்காமலேயே நேராக எழுதுங்கள். பிறகு நான்காம் நாள், அதற்குப் பிறகு பத்தாம் நாள். சிவப்பு வரிகளை எண்ணித் தாளின் மூலையில் போடுங்கள். ஏழு, மூன்று, ஒன்று என்று குறைந்துவந்தால் அந்தப் பாடம் முடிந்தது. இயற்பியல் தாளின் 70 மதிப்பெண்ணில் 25 மதிப்பெண், ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு என்பதால் தருவிப்புகளுக்கு (சமன்பாட்டைப் படிப்படியாக வரவழைக்கும் விடைகளுக்கு) இந்த உழைப்பைத் தாராளமாகக் கொடுக்கலாம். மார்க்கரைத் தூக்கிப் போட வேண்டாம். சிவப்பில் விழுந்த வரிகளைப் புத்தகத்தில் அடிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

குரூப் 4-க்கு வீட்டிலிருந்தே படிக்கிறேன், இரண்டு சிறு பிள்ளைகள். திங்கட்கிழமை படித்தது வெள்ளிக்கிழமை இல்லை. அட்டை போட்டுப் படித்தால் நிற்கும் என்கிறார்கள். எப்படிப் போடுவது? – வாசகி, தென்காசி

நிற்கும், அட்டையைச் சரியாக எழுதினால். எங்களுக்கு வரும் அட்டைகளில் பத்துக்கு எட்டு, குறிப்பேட்டைத் துண்டு போட்ட மாதிரிதான் இருக்கின்றன. ஒரு பக்கம் 'எட்டுத்தொகை' என்று தலைப்பு, மறுபக்கம் பதினைந்து வரி. அதை நீங்கள் வாசிக்கத்தான் முடியும், பதில் சொல்ல முடியாது.

ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி, ஒரு பதில். ஏ4 தாளை மூன்று முறை மடித்து வெட்டினால் எட்டு அட்டை கிடைக்கும், அந்த அளவு போதும். எட்டு நூல்களின் பெயர்களுக்கு அட்டையே தேவையில்லை, 'நற்றிணை நல்ல குறுந்தொகை' என்று தொடங்கும் பழைய வெண்பா அந்த வேலையை எப்போதோ செய்துவைத்துவிட்டது. தடுமாற வைப்பது உள்விவரம். ஒரு பாட்டுக்கு எத்தனை அடி என்ற அடி எல்லையைப் பாருங்கள்: ஐங்குறுநூறு 3 முதல் 6, குறுந்தொகை 4 முதல் 8, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31. நான்கும் ஒன்றோடொன்று குழம்பும். ஆகவே "குறுந்தொகையின் அடி எல்லை?" என்று ஓர் அட்டை, "9 முதல் 12 அடி எந்த நூல்?" என்று திருப்பிக் கேட்கும் இன்னோர் அட்டை. கேள்வித்தாள் எந்தப் பக்கத்திலிருந்து கேட்கும் என்று சொல்ல முடியாது. "அகமும் புறமும் கலந்த எட்டுத்தொகை நூல்?" என்றால் பரிபாடல், அதற்குத் தனி அட்டை.

இனி பெட்டி. காலி செருப்புப் பெட்டியில் அட்டைத் தடுப்பு வைத்து ஐந்து அறை செய்யுங்கள். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும். இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை. புது அட்டை முதல் அறையில் நுழையும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு, தப்பாகச் சொன்னால் எந்த அறையில் இருந்தாலும் மறுபடி முதல் அறைக்கு. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பிரபலப்படுத்திய முறை இது. 'கிட்டத்தட்ட சரி' என்று அட்டையை அடுத்த அறைக்குத் தள்ளுகிற இடத்தில்தான் இந்த முறை கெட்டுப்போகும்.

நாளைக்கு 15 புது அட்டைக்கு மேல் வேண்டாம். முதல் வார உற்சாகத்தில் 50 போடுபவர்கள் மூன்றாம் வாரத்தில் பழைய அட்டைகளின் பாரம் தாங்காமல் பெட்டியையே பரணில் போட்டுவிடுவார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் உட்காரவும் முடியாது. குக்கர் மூன்று விசில் அடிக்கிற நேரத்தில் பத்து அட்டை பார்க்கலாம்.

தாளுக்குப் பதில் கைபேசி என்றால் 'அங்கி' (Anki) என்ற அட்டைச் செயலி இதே வேலையைச் செய்யும். ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு. யாரோ போட்ட 5,000 அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்ளாதீர்கள், அட்டையை எழுதும் உழைப்பே பாதிப் படிப்பு. இன்னொன்று, குரூப் 4 தாளில் 100 தமிழ் வினாக்கள் உள்ள பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதல் மாதத்து அட்டைகள் தமிழாகவே இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பு. கணக்கில் ஒவ்வொரு பயிற்சியையும் முழுசாகப் போட்டுவிடுவேன், சரியாகவும் வரும். முழுத்தேர்வு வைத்தால் 100-க்கு 60-ஐத் தாண்டவில்லை. – மாணவர், அரியலூர்

பயிற்சியில் எந்தச் சூத்திரம் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. கூம்பின் வளைபரப்பு என்று போட்டிருந்தால் எண்களை எடுத்து அதில் வைக்க வேண்டியதுதான். தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. நீங்கள் பழகியது கணக்குப் போடுவதை, எந்தக் கணக்கு என்று கண்டுபிடிப்பதை அல்ல.

ஒரு சர்க்கஸ் கூடாரம். கீழே உருளை, மேலே கூம்பு. ஆரம் 21 மீட்டர், உருளையின் உயரம் 5, கூம்பின் உயரம் 20. எவ்வளவு துணி வேண்டும்? முதலில் சாயுயரம் 29 என்று கண்டுபிடிக்க வேண்டும். உருளையின் வளைபரப்பு 660, கூம்பின் வளைபரப்பு 1914, மொத்தம் 2574 சதுர மீட்டர். அவசரத்தில் சாயுயரத்துக்குப் பதில் உயரம் 20-ஐப் போட்டால் 1980 வரும். தரைக்கும் துணி விரித்தால் 3960 வரும். இரண்டு மாணவர்களுக்கும் சூத்திரம் தெரியும். ஒருவர் எந்த உயரம் என்று கேட்டுக்கொள்ளவில்லை, மற்றவர் கூடாரத்துக்கு அடிப்பக்கம் துணி கிடையாது என்று யோசிக்கவில்லை.

கலந்து போட்டுப் பழகுவதுதான் மருந்து. ரோரர், டெய்லர் இருவரும் 2007-ல் கன அளவுக் கணக்குகளை வைத்தே ஒரு சோதனை நடத்தினார்கள். வகை வகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் பிரித்துப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. பயிற்சியின்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், மதிப்பெண் குறையும், விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள்.

முடித்த பாடங்களிலிருந்து 40 கணக்குகளைப் பாடப்பெயரும் பயிற்சி எண்ணும் இல்லாமல் துண்டுச்சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். விடைக்குறிப்பைத் தனியே வையுங்கள். தினம் ஆறு சீட்டு எடுங்கள். முதல் பத்து நிமிடம் கணக்கே போடாமல், ஒவ்வொன்றுக்கும் 'கூட்டுத்தொடரா, பெருக்குத்தொடரா', 'வளைபரப்பா, மொத்தப் பரப்பா, கன அளவா', 'எதைக் கொடுத்திருக்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள்' என்று ஒரு வரி மட்டும் எழுதுங்கள். பிறகு போடுங்கள். அந்த ஒரு வரி தவறிய சீட்டு மறுபடி டப்பாவுக்கே போகட்டும். வடிவியலும் வரைபடமும் இதில் சேராது. தலா எட்டு மதிப்பெண் உள்ள அவற்றை அளவுகோலும் காம்பஸும் எடுத்து, நேரம் வைத்து, தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நீட் மாதிரித் தேர்வுகள் 20 எழுதிவிட்டேன். 430-க்கும் 450-க்கும் நடுவிலேயே நிற்கிறது. இன்னும் எத்தனை எழுத வேண்டும்? – மாணவர், நாமக்கல்

இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். எழுதிய 20-ஐத் திறந்து பாருங்கள். மூன்று மணி நேரத் தேர்வுக்கு, அலசுவதற்கும் குறைந்தது மூன்று மணி நேரம் தர வேண்டும். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து: பாடமே தெரியவில்லை என்றால் 'பா', தெரிந்தும் நினைவு வரவில்லை என்றால் 'நி', கேள்வியைத் தப்பாக வாசித்தால் 'வா', கணக்குப் பிழை என்றால் 'க'. மூன்று தேர்வுக்கு இப்படிப் போட்டாலே எந்த எழுத்து அதிகம் என்று தெரிந்துவிடும். 'வா' அதிகமாக உள்ளவர் மீண்டும் புத்தகம் படித்து ஒரு மதிப்பெண்ணும் ஏறப்போவதில்லை. "தவறான கூற்று எது" என்பதில் 'தவறான' என்ற சொல்லை வட்டமிடப் பழகுவதுதான் அவருக்கு வேண்டியது.

ஊகத்தையும் தனியே எண்ணுங்கள். சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு என்ற கணக்கில் நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண் கிடைக்கும். இரண்டு விடைகளை உறுதியாக நீக்கிவிட்டு அடித்தால் ஒன்றரை. ஆனால் இது காகிதக் கணக்கு. 'எங்கேயோ படித்த மாதிரி' என்று இழுக்கும் விடை பல சமயம் நம்மை ஏமாற்றவே வைக்கப்பட்டது. அடுத்த தேர்வில் ஊகித்த கேள்விகளுக்கெல்லாம் வினாத்தாளில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு புள்ளி வைத்தவற்றில் மட்டும் லாபமா நட்டமா என்று கூட்டிப் பாருங்கள். ஊகிக்கலாமா கூடாதா என்று உங்கள் எண்ணே சொல்லும்.

25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று மகன் கைபேசியில் ஒரு செயலி வைத்திருக்கிறான். ஓய்வு முடிந்தும் ரீல்ஸ் முடிவதில்லை. – ஒரு தாய், வேலூர்

பிரான்செஸ்கோ சிரில்லோ இந்த முறையைத் தொடங்கியபோது கையில் வைத்திருந்தது தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம். அதில் ரீல்ஸ் ஓடாது. நூறு, இருநூறு ரூபாய்க்கு ஒரு டைமர் வாங்கிக் கொடுத்துவிட்டு, படிக்கும் நேரத்தில் கைபேசியை வேறு அறையில் வையுங்கள். மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது. ஐந்து நிமிட ஓய்வில் எழுந்து நடக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது 25-ஐ 50 ஆக்குங்கள், கடைசி வாரங்களில் 90. தேர்வறையில் மூன்று மணி நேரம் எழுந்திருக்க முடியாதே.

மனப்பாடச் செய்யுள் கடைசி இரண்டு அடியில் எப்போதும் மாட்டிக்கொள்கிறது. – மாணவி, காரைக்குடி

எப்போதும் முதல் அடியிலிருந்தே தொடங்குவதால், முதலடி நூறு தடவை வந்திருக்கும், கடைசியடி இருபது தடவை. திருப்பிப் போடுங்கள். முதலில் கடைசி அடி மட்டும், பிறகு அதற்கு முந்தைய அடியிலிருந்து கடைசி வரை, இப்படியே மேலே ஏறுங்கள். அடி மாறும் இடத்தில் எதுகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதால் அடுத்த அடியின் முதற்சீரை அதுவே இழுத்துவரும். வாய்க்கு வந்த பிறகு ஒவ்வொரு சீருக்கும் முதல் எழுத்தை மட்டும் எழுதி, அதைப் பார்த்து முழுதும் எழுதுங்கள். ல-ள-ழ, ர-ற பிழைகள் சொல்லும்போது தெரியாது, எழுதினால்தான் அகப்படும்.

ஏஐ செயலியில் கேள்விகள் தயாரித்துப் படிக்கலாமா? – மாணவர், கோவை

கேள்வி கேட்க வைக்கலாம், பதிலை நம்பக் கூடாது. பாடநூல் பக்கத்தைக் கொடுத்து, "இதிலிருந்து மட்டும் பத்துக் கேள்வி கேள், விடையை இப்போது சொல்லாதே" என்று சொல்லுங்கள். எழுதி முடித்துப் பாடநூலோடு ஒப்பிடுங்கள். கலைச்சொற்களில் கவனம் தேவை. அது சொல்லும் தமிழ்ச்சொல் வேறு, நம் பாடநூலில் இருப்பது வேறு என்று அடிக்கடி நேரும். தேர்வில் எழுத வேண்டியது பாடநூல் சொல்.

முதல்நாள் இரவு விழித்துப் படிக்கலாமா? – பலர்

வேண்டாம். அன்று புதுப் பாடம் எதையும் தொடாதீர்கள். சிவப்புப் பேனா விழுந்த தாள்களை மட்டும் ஒருமுறை பாருங்கள். ஹால் டிக்கெட், இரண்டு பேனா, காம்பஸ், தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்துவிட்டுப் பத்து மணிக்குப் படுங்கள். பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்க மட்டும் பத்து நிமிடம் தருகிறார்கள். அதில் எந்தெந்தக் கேள்வி என்று முடிவு செய்து, கட்டாய வினாவை முதலில் பார்த்துவிடுங்கள்.