எப்போதும் இரண்டாவது கப்பலில்

கேள்வி: திறமை இருந்தும், அயர்லாந்துக்காரர் என்பதால் பிரிட்டிஷ் கடற்படையில் பின்னுக்குத் தள்ளப்பட்ட மாலுமி யாராவது உண்டா?

உண்டு. பிரான்சிஸ் க்ரோசியர்.

நானும் கப்பல்காரன்தான். சரக்குக் கப்பலில் செகண்ட் மேட்டாக, அதாவது கேப்டனுக்கும் சீஃப் மேட்டுக்கும் அடுத்த அதிகாரியாக, இருந்த காலத்தில், நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை வாட்ச் பார்த்துவிட்டுத் தூக்கம் பிடிக்காமல் படுத்திருக்கும்போது படித்த ஒரு புத்தகத்தில்தான் இவர் பெயர் முதலில் கண்ணில் பட்டது. அன்று பிடித்துக்கொண்டது. இன்றுவரை இவரைப் பற்றி எது கிடைத்தாலும் படிக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

1796-ல் அயர்லாந்தின் வடக்கே, டவுன் கவுண்டியில் இருக்கும் பேன்பிரிட்ஜ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா வழக்கறிஞர். வீட்டில் பதின்மூன்று பிள்ளைகள், இவர் பதினொன்றாவது. அந்த வட்டாரத்துப் பிரபு ஒருவரின் பெயரை அப்படியே பையனுக்கு வைத்தார்கள்: பிரான்சிஸ் ராடன் மொய்ரா. பெரிய இடத்துப் பெயரை வைத்தால் பின்னாளில் ஏதாவது கைகொடுக்கும் என்ற நினைப்பாக இருந்திருக்கலாம். 1810-ல், பதின்மூன்று வயதில், கடற்படையில் சேர்ந்தார். பள்ளிக்கூடம் அதோடு சரி. பிரெஞ்சு தெரியாது, மேடைப் பேச்சு வராது. இந்தக் குறை கடைசிவரை அவர் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அயர்லாந்துக்காரர் என்பது மட்டும்தான் காரணமா என்றால், கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இவர் குடும்பம் வசதியான புராட்டஸ்டன்ட் குடும்பம், ஆங்கில ஆட்சிக்கு விசுவாசமானது. அந்த ஆட்சிக்கு எதிராக 1798-ல் நடந்த ஐரிஷ் கிளர்ச்சியோடு இவர்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் லண்டனில் இவருக்காக ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. அந்தக் காலக் கடற்படையில் பதவி என்பது சிபாரிசில் நகர்ந்த விஷயம். கடற்படைத் தலைமையகமான அட்மிரல்டியில் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் இருபது வயதில் லெப்டினன்ட். இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். ஐரிஷ் பேச்சுவாடை, பாதியில் நின்ற படிப்பு, ஆதரவு இல்லாமை மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இவர் வாழ்க்கையே சாட்சி.

காலமும் மோசமாக அமைந்தது. நெப்போலியனோடு போர் உச்சத்தில் இருந்தபோது 1,40,000 பேருக்கு மேல் இருந்த கடற்படை, போர் முடிந்து சில வருடங்களில் சுமார் 20,000 பேராகச் சுருங்கியது. அதிகாரிகளில் பெரும்பாலானோர் அரைச் சம்பளத்தில் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். க்ரோசியர் 1817-ல் தேர்வு எழுதி மேட் ஆனார், லெப்டினன்ட்டுக்குக் கீழே இருந்த பதவி அது. லெப்டினன்ட் ஆனது 1826-ல்தான். இந்த ஒன்பது வருட இடைவெளியைத்தான் பலர் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னால் அப்படித் தாண்ட முடியவில்லை. சீஃப் மேட் லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வருடம் செகண்ட் மேட்டாகவே ஓட்டியவன் நான். எனக்குப் பின்னால் தேர்வு எழுதியவர், அலுவலகத்தில் வேண்டியவர்கள் இருந்ததால், அதே கப்பலுக்கு எனக்கு மேலதிகாரியாக வந்து இறங்கினார். கேங்வேயில் நின்று அவருடைய பெட்டியை வாங்கி வைத்தேன். மூன்று வருடத்துக்கே நெஞ்சு அப்படிக் கனத்தது. ஒன்பது வருடம் எப்படி இருந்திருக்கும்?

அந்த ஒன்பது வருடத்தில் அவர் சும்மாவும் இருக்கவில்லை. 1821-ல் எட்வர்ட் பாரியின் ஆர்க்டிக் பயணத்தில் சேர்ந்தார். கனடாவுக்கு வடக்கே ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு ஒரு கடல்வழி உண்டா என்று தேடிய பயணங்கள் அவை. பாரியோடு அப்படி இரண்டு முறை போனார்; 1827-ல் வட துருவத்தை எட்ட முயன்ற மூன்றாவது பயணத்திலும் கூடப் போனார். பனியில் கப்பலை எப்படி வைத்துக்கொள்வது, இருட்டான குளிர்காலத்தில் ஆட்களை எப்படிச் சோராமல் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் அங்கேதான் கற்றார். பூமியின் காந்தப்புலத்தை அளப்பதில் தேர்ந்த கை ஆனார். தன் வாழ்நாள் நண்பரான ஜேம்ஸ் கிளார்க் ராஸைச் சந்தித்ததும் அந்தப் பயணங்களில்தான்.

1839-ல் ராஸ் தலைமையில் அண்டார்டிகாவுக்கு இரண்டு கப்பல்கள் போயின. எரெபஸ் ராஸிடம், டெரர் க்ரோசியரிடம். நாலு வருடப் பயணம். ராஸ் தீவில் இருக்கும் இரண்டு எரிமலைகளுக்கு எரெபஸ், டெரர் என்று பெயர் வந்தது இந்தக் கப்பல்களால்தான். அதே தீவில் க்ரோசியர் முனையும் இருக்கிறது.

அந்தப் பயணத்தில் ஓர் இரவைச் சொல்லியே ஆக வேண்டும். 1842 மார்ச் மாதம், புயல், பனிப்பாறைகள் நிறைந்த கடல். முன்னால் திடீரென்று ஒரு பெரிய பனிப்பாறை தெரிய, அதைத் தவிர்க்க எரெபஸ் திரும்புகிறது. பின்னால் வந்த டெரரால் பாறையையும் எரெபஸையும் ஒருசேரத் தவிர்க்க முடியவில்லை. இரண்டும் மோதிக்கொள்கின்றன. பாய்மரக் கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. ஓர் அலைக்கு ஒரு கப்பல் மேலே போகிறது, மற்றது கீழே இறங்குகிறது, அப்புறம் மறுபடி இடி. ஒருவழியாகப் பிரிந்த பிறகு, டெரருக்கு இருந்த ஒரே வழி இரண்டு பனிப்பாறைகளுக்கு நடுவே இருந்த இடுக்கு. இஞ்சின் இல்லாத கப்பல், கும்மிருட்டு. க்ரோசியர் அந்த இடுக்கு வழியாக டெரரை வெளியே கொண்டுவந்தார். நான் பிரிட்ஜில் ரேடாரும் ஜிபிஎஸ்ஸும் வைத்துக்கொண்டு மலாக்கா ஜலசந்தியைக் கடக்கும்போதே கை வியர்க்கும். கப்பல் ஓட்டுவது என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு அந்த ஓர் இரவு போதும், இவர் யார் என்று புரிய.

ஊர் திரும்பியதும் ராஸுக்கு சர் பட்டம் கிடைத்தது. க்ரோசியருக்கு பிரிட்டனின் அறிவியல் அறிஞர்கள் சங்கமான ராயல் சொசைட்டியில் உறுப்பினர் பதவி கிடைத்தது, காந்த அளவீடுகளுக்காக. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஊருக்கு அவர் பெயர் தெரியவில்லை. பயணத்தின் நடுவே ஹோபார்ட்டில் தங்கியிருந்தபோது, அங்கே கவர்னராக இருந்த ஜான் பிராங்க்ளினின் உறவுப்பெண் சோபியாவை விரும்பினார். திருமணத்துக்குக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார்.

1845-ல் அடுத்த பெரிய ஆர்க்டிக் பயணம். அதே எரெபஸ், அதே டெரர். தலைமைக்கு ராஸைக் கேட்டார்கள், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அட்மிரல்டியில் செல்வாக்கோடு இருந்த ஜான் பேரோ முன்வைத்த பெயர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ். முப்பத்தொரு வயது, ஆர்க்டிக்கைப் பார்த்ததே இல்லை. வயது போதாது என்று அது நின்றுபோய், ஐம்பத்தொன்பதை நெருங்கிய பிராங்க்ளினிடம் போனது. க்ரோசியருக்கு மறுபடியும் இரண்டாவது இடம், மறுபடியும் டெரர்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், தலைமை தாங்கும் தகுதி தனக்கு இல்லை என்று க்ரோசியரே ராஸுக்கு எழுதியிருந்தார். அதைக் காட்டி, அவரே வேண்டாம் என்றாரே, அப்புறம் கடற்படையை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் ஒரு மனிதனை இரண்டாவது வரிசையிலேயே நிற்க வைத்தால், ஒருநாள் அவனே அதுதான் தன் இடம் என்று சொல்லத் தொடங்குவான். அந்தக் கடிதத்தை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. வழக்கப்படி துணைத்தலைவர்தான் அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பார். அந்தப் பொறுப்பு, பிராங்க்ளினுக்குக் கீழே எரெபஸில் சேர்ந்த பிட்ஸ்ஜேம்ஸிடம் போனது. அவர் தன் நண்பர்களால் இடங்களை நிரப்பினார். காந்த அளவீடும் பிட்ஸ்ஜேம்ஸிடம்தான் போனது. எந்த வேலைக்காக ராயல் சொசைட்டி இவரைச் சேர்த்துக்கொண்டதோ, அந்த வேலையையே பிடுங்கிவிட்டார்கள்.

1845 ஜூலையில், கிரீன்லாந்தின் டிஸ்கோ விரிகுடாவிலிருந்து க்ரோசியர் ராஸுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. காலம் பிந்திவிட்டது என்று கவலைப்படுகிறார். பனியைத் தெரிந்தவரின் கவலை அது. நீ இங்கே இருந்திருந்தால் சரியான வழியில்தான் போகிறோம் என்ற தைரியம் இருந்திருக்கும் என்கிறார். பிராங்க்ளின் அன்பான மனிதர், நான் போனால் தினமும் சாப்பாட்டுக்கு அழைப்பார், ஆனால் எரெபஸுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை என்கிறார். வரவேண்டிய டீயும் சர்க்கரையும் வந்து சேரவில்லை என்றுகூட எழுதியிருக்கிறார். இரண்டு கப்பலிலும் மனம்விட்டுப் பேச ஓர் ஆள் இல்லை என்ற வரியும் அதில்தான் இருக்கிறது. கப்பலில் கேப்டன் எப்போதுமே கொஞ்சம் தனி ஆள்தான். கூடச் சிரிப்பவர்கள்கூட ஓர் அளவோடுதான் சிரிப்பார்கள். ஆனால் அதைக் கடிதத்தில் எழுதும் அளவுக்கு ஒரு மூத்த கேப்டன் போகிறார் என்றால், உள்ளே எவ்வளவு இருந்திருக்க வேண்டும்.

அந்த மாதக் கடைசியில் திமிங்கிலம் பிடிக்கும் கப்பல்காரர்கள் இரண்டு கப்பல்களையும் கண்டார்கள். அதன் பிறகு ஐரோப்பியர் யாரும் அவர்களை உயிரோடு பார்க்கவில்லை. 129 பேர்.

பதினாலு வருடம் கழித்து, 1859-ல், கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் இருக்கும் கிங் வில்லியம் தீவில் ஒரு கற்குவியலுக்குள் தகரக் குழாயில் ஒரே ஒரு தாள் கிடைத்தது. கண்டெடுப்பவர் இதை அனுப்பி வையுங்கள் என்று ஆறு மொழிகளில் அச்சடித்த, அட்மிரல்டியின் வழக்கமான படிவம். அதில் இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள். 1847 மே மாதம் எழுதியது: எல்லாம் நலம். அடுத்த வருடம் ஏப்ரல் 25 அன்று எழுதியதற்கு இடம் இல்லாமல் ஓரங்களைச் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறார்கள். 1846 செப்டம்பர் 12 முதல் கப்பல்கள் பனியில் சிக்கிக் கிடந்தன. பிராங்க்ளின் 1847 ஜூன் 11 அன்று இறந்துவிட்டார். அதுவரை 9 அதிகாரிகளும் 15 ஆட்களும் போய்விட்டார்கள். ஏப்ரல் 22 அன்று கப்பல்களைக் கைவிட்டுவிட்டு 105 பேர் கரையேறியிருக்கிறார்கள், கேப்டன் க்ரோசியர் தலைமையில்.

தலைமை கடைசியில் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அந்தத் தாளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இரண்டு இடங்களை. அந்த 1848 செய்தியை எழுதியது பிட்ஸ்ஜேம்ஸின் கை. அதன் முடிவில் ஒரு துண்டு வரி மட்டும் க்ரோசியரின் கையெழுத்து: நாளை 26-ம் தேதி பேக் மீன் ஆற்றை நோக்கிப் புறப்படுகிறோம். தெற்கே, கனடாவின் பெருநிலத்தில் இருக்கும் ஆறு அது. கையொப்பத்துக்குப் பக்கத்தில் கேப்டன், மூத்த அதிகாரி என்று போட்டிருக்கிறார். நடந்ததை மற்றவர் எழுதட்டும், எங்கே போகிறோம் என்பதை நான் எழுதுகிறேன் என்பதுபோல இருக்கிறது. தேடி வருபவனுக்கு வேண்டியது அந்த ஒரு தகவல்தான்.

இன்னொரு இடம், ராஸின் பெயர் வருமிடம். அந்தக் கரைக்கு 1830-ல் ராஸ் வந்து ஒரு கற்குவியல் எழுப்பிவிட்டுப் போயிருந்தார். அதைத் தேடினோம், கண்டுபிடிக்க முடியவில்லை என்று தாள் சொல்கிறது. சாவு சூழ்ந்து நிற்கும் நேரத்தில், அந்த மனிதர் தன் நண்பன் வைத்துவிட்டுப் போன கற்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதே 1848-ல் ராஸும் இவர்களைத் தேடிக் கப்பலில் கிளம்பினார். அடுத்த வருடம் சாமர்செட் தீவின் மேற்குக் கரையோரமாகச் சறுக்குவண்டி இழுத்துத் தெற்கே நடந்தார். க்ரோசியரின் ஆட்கள் கரையேறிய இடம் அதற்கும் தெற்கே வெகுதூரம். ராஸ் வெறுங்கையோடு திரும்பினார்.

105 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. க்ரோசியரின் உடல் கிடைக்கவில்லை. பேன்பிரிட்ஜில், அவர் வீட்டுக்கு எதிரிலேயே, ஊர்க்காரர்கள் அவருக்குச் சிலை எழுப்பியிருக்கிறார்கள். சுற்றிலும் நாலு பனிக்கரடிகள்.

டெரர் 2016-ல் கிடைத்தது. கிங் வில்லியம் தீவின் தென்மேற்கே ஒரு விரிகுடாவில், தண்ணீருக்கு வெளியே மரக்கம்பம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததைத் தான் பார்த்ததாக உள்ளூர் இன்யூட் பழங்குடி மனிதர் சம்மி கோக்விக் சொன்னதை வைத்துப் போய்த் தேடினார்கள். கப்பல் நேராக உட்கார்ந்திருந்தது. 2019-ல் கனடா ஆய்வாளர்கள் சின்ன நீர்மூழ்கிக் கேமராவை உள்ளே அனுப்பினார்கள். தட்டுகள் அலமாரியில் அடுக்கியபடியே இருந்தன. கேப்டனின் அறையில் அவருடைய மேசை, வரைபட அலமாரிகள், மூடிய இழுப்பறைகள். அந்தத் தளத்தில் கேமரா பார்த்த கதவுகளில் ஒன்றே ஒன்றுதான் சாத்தியிருந்தது. க்ரோசியர் படுத்துறங்கும் அறையின் கதவு.