தொழில் மேடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-ல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னார். எங்கள் பட்டறையில் 25 பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைக் கேட்கலாமா?

பதில்: முதலில் சம்பளக் கணக்கைப் போடுங்கள். வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சாதாரண வேலை. மிச்சம் 22 மணி நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. ஆக, 92 மணி நேரச் சம்பளம் கொடுக்க வேண்டும். வாராவாரம் அவ்வளவு ஓவர்டைம் வாங்கச் சட்டத்திலும் இடமில்லை. முதலாளி 70 மணி நேரம் உழைத்தால் பலன் அவருக்கே சேரும். இன்ஃபோசிஸ்கூட 1990-களில் ஊழியர்களுக்குப் பங்குகள் கொடுத்தது; அதைப் பேசாமல் மணிக்கணக்கை மட்டும் பேசுவது அரைப் பேச்சு. ஜாம்ஷெட்பூர் டாடா உருக்காலையில் 8 மணி நேர வேலை 1912-லேயே வந்துவிட்டது. தொழிற்சாலைச் சட்டம் 48 மணி நேர வாரத்தைக் கொண்டுவந்தது 1946 திருத்தத்தில்தான்.

கேள்வி: பெரிய கம்பெனிகளே 90 நாள் இழுத்தடிக்கின்றன. சிறு சப்ளையருக்கு நான் மட்டும் நாளோடு பணம் கொடுத்தால் ஏமாளி ஆகிவிட மாட்டேனா?

பதில்: இழுத்தடிப்பதுதான் நஷ்டம். சப்ளையர் குறு, சிறு உற்பத்தி நிறுவனமாகவோ சேவை நிறுவனமாகவோ உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருக்கும்போது அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். பர்ச்சேஸ் ஆர்டரில் 60 நாள் என்று போட்டுக்கொண்டாலும் செல்லாது. கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். அந்த வட்டியைச் செலவாகவும் காட்ட முடியாது.

இதைவிடப் பெரிய அடி வருமான வரியில் விழும். கெடு தாண்டிய 10 லட்சம் ரூபாய் பாக்கி மார்ச் 31-லும் நின்றால், அந்த ஆண்டுச் செலவில் அது சேராது. கொடுக்கும் ஆண்டில்தான் சேரும். 30 சதவீத வரி கட்டுபவர் இப்போதே 3 லட்சத்துக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும்.

பெரும்பாலும் கெடு தவறுவது பணமில்லாமல் அல்ல. பில் யாரோ ஒருவர் மேசையில் தூங்குவதால். சரக்கு வந்த தேதியைச் சலானிலேயே எழுதுங்கள். தரத்தில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். தவறினால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். உத்யம் எண்ணை முதல் ஆர்டரிலேயே வாங்கிவிடுங்கள். சப்ளையர் வெறும் வியாபாரி என்றால் இந்தக் கெடு பொருந்தாது. அதற்காக அவரைக் காக்கவைப்பது அழகல்ல.

கேள்வி: வெற்றியை எதை வைத்து அளப்பது?

பதில்: லாபத்தை வைத்து அளக்காதீர்கள், வங்கியில் உண்மையாக இருக்கும் பணத்தைப் பாருங்கள். சத்யம் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் கணக்கில் இருந்த 5,040 கோடி ரூபாய் ரொக்கம் நிஜத்தில் இல்லை என்று அதன் தலைவரே 2009 ஜனவரியில் கடிதம் எழுதினார். மாதாமாதம் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு கணக்கை ஒப்பிடும் வேலையை, காசோலையில் கையெழுத்துப் போடுபவரிடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: லைசென்ஸுக்கு 'கவனிக்க'ச் சொல்கிறார்கள். கொடுத்தால் வாங்குபவருக்குத்தானே தண்டனை?

பதில்: ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி, 7 ஆண்டு வரை சிறை. வற்புறுத்தலால் கொடுத்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு, 7 நாளுக்குள் புகார் செய்திருந்தால். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போவது நல்லது. விண்ணப்ப எண், கேட்ட தேதி, கேட்ட தொகை மூன்றையும் அன்றைக்கே குறித்து வையுங்கள்.