நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்தா?

சகோதரி, நீங்கள் உறுப்பினராக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டமே நடத்தாமல் தீர்மான நோட்டைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பிக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அரசு நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது உங்கள் பொறுப்பு, தலைமையாசிரியர் காட்டும் சலுகை அல்ல.

எங்கள் குழுவில் தீர்மானத்தை உரக்க வாசித்து, கடைசி வரியின் கீழ் கோடு கிழித்து, அந்தக் கோட்டை ஒட்டியே கையெழுத்திடுவோம். பிறகு ஒரு வரிகூட நுழைக்க முடியாது. கழிப்பறைக் குழாய் மாற்றிய பில்லையும் கேட்டு வாங்கிப் பார்த்தோம்.

கூட்டம் வேண்டும் என்று இன்னும் இரண்டு தாய்மார்களோடு சேர்ந்து மனுக் கொடுங்கள். நகலில் பள்ளி முத்திரையுடன் ஒப்புதல் வாங்க மறக்காதீர்கள்.