ஓசூர் புது வீட்டுக்குக் கடன்: பில்டர் காட்டும் நிறுவனமா, வங்கியா?

ஓசூரில் 48 லட்சத்துக்குப் புது வீடு. பில்டர் காட்டும் வீட்டுக்கடன் நிறுவனம் வங்கியைவிடக் கால் சதவீதம் குறைவாகச் சொல்கிறது, எங்கே வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கால் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் நண்பரே. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்) போன்ற வெளி அளவுகோலோடு கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். ரெப்போ இறங்கினால் உங்கள் வட்டியும் இறங்கும். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது, 20 வருடக் கடன் ஆயிற்றே.

அப்புறம், இரண்டு இடத்திலும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' கேட்டு வாங்குங்கள். பிராசஸிங் கட்டணமெல்லாம் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும்; ஒப்பிட வேண்டியது அதைத்தான். பத்திரச் செலவைக் கையிலிருந்துதான் போட வேண்டிவரும். பில்டர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், வக்கீல் மூலப்பத்திரத்தைப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.