வருடக்கணக்காக வேதம் வாசித்தும் என் குணம் மாறவில்லையே, வசனத்தை அன்றாட வாழ்க்கையில் எப்படித்தான் கைக்கொள்வது?

"அன்பாக, பொறுமையாக, தாழ்மையாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் வீட்டிலும் வேலையிலும் பழைய ஆளாகவே இருக்கிறேன்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஜெபத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் அன்பு, பொறுமை என்று குணங்களின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் கைக்கு எதுவும் அகப்படாது. வேதம் குணத்தைப் பற்றிப் பேசும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் ஆளையும், ஒரு காரியத்தையும், சில இடங்களில் ஒரு கெடுவையும் சேர்த்துத்தான் சொல்கிறது. நாம் அவற்றை விட்டுவிட்டுக் குணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நின்ற இடத்திலேயே நிற்பதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "பரிசுத்தராயிருங்கள்" என்ற கட்டளையோடு அது ஆரம்பிக்கிறது. அடுத்து வருவதெல்லாம் என்ன தெரியுமா? தாய் தகப்பனுக்குப் பயந்திரு. அறுவடையில் வயலின் ஓரத்தை அறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது வேறு தேசத்திலிருந்து வந்து தங்கியிருப்பவனுக்கும், உரியது. காது கேளாதவனை நிந்திக்காதே, கண் தெரியாதவன் முன் தடுக்கலை வைக்காதே. நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திரு. தராசையும் படியையும் சரியாக வைத்துக்கொள். இவற்றுக்கு நடுவில்தான் "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற 18ஆம் வசனம் இருக்கிறது. இயேசு நியாயப்பிரமாணத்தின் இரண்டாம் பெரிய கற்பனையாக எடுத்துச் சொன்ன வசனம் அது. அன்பு அங்கே வயலுக்கும் தராசுக்கும் இடையில் நிற்கிறது.

அதே அதிகாரத்தின் 13ஆம் வசனம், கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்கிறது. உபாகமம் 24 காரணத்தையும் சொல்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியை நம்பித்தான் இருக்கிறான். கூலியை ஏமாற்றும் எண்ணம் உனக்கு உண்டா இல்லையா என்று வசனம் கேட்கவே இல்லை. கொடுக்கத்தான் போகிறோம், ஆனால் நம் வசதிக்குத் தள்ளிப்போடுகிறோம், அதுவே தப்பு என்கிறது. நமக்காக யாரோ ஒரு வேலையை முடித்துக் கொடுத்திருப்பார். பணமும் கணக்கில் இருக்கும். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவோம். நமக்கு அது ஒரு வாரம், அவருக்கு அது வீட்டு வாடகை. பொறுமைக்காகவும் அன்புக்காகவும் அரைமணி நேரம் ஜெபிப்பதற்கு முன்னால் அந்தப் பணத்தை அனுப்பிவிடுவது நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மன்னிப்புக் கேட்பதிலும் இப்படித்தான். பிறனை ஏமாற்றி ஒன்றை எடுத்துக்கொண்டவன் என்ன செய்யவேண்டும் என்று லேவியராகமம் 6இல் இருக்கிறது. முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்கவேண்டும். யாருக்கு உரியதோ அவர் கையிலேயே கொடுக்கவேண்டும். செய்த குற்றத்துக்காகக் கர்த்தருக்குச் செலுத்தும் குற்றநிவாரண பலியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு லூக்கா 19இல் வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயுவைப் படித்தால், ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகவும் (நான்கு மடங்காக) கொடுக்கிறேன் என்று அவன் இயேசுவிடம் சொன்னதன் கனம் தெரியும். தானே முன்வந்து ஒப்புக்கொள்கிறவனிடம் பிரமாணம் கேட்டது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அவனோ, ஆட்டைத் திருடி விற்றவனுக்கு யாத்திராகமம் 22 விதித்த நாலத்தனையைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டான்.

பணம் சம்பந்தப்படாத விஷயத்தில் ஈடுசெய்வது எப்படி என்று கேட்கலாம். நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என்னோடு வேலை செய்யும் மூத்தவர் ஒருவர், விசுவாசி. ஒரு கூட்டத்தில், வேலை தாமதமானதற்குக் காரணம் ஓர் இளைஞர் என்று பேரைச் சொல்லிவிட்டார். பிறகு கோப்பைப் புரட்டிப் பார்த்தபோது, அது தன் மேஜையிலேயே தங்கியிருந்தது அவருக்குத் தெரியவந்தது. தனியாகக் கூப்பிட்டு "மன்னிச்சுக்கோ தம்பி" என்றிருந்தாலே அந்தப் பையன் சந்தோஷப்பட்டிருப்பான். இவர் அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் முன்பாக எழுந்து, "போன தடவை இவர் பேரைச் சொன்னேன், தாமதம் என்னால் வந்தது. கூட்டக் குறிப்பிலும் திருத்தி எழுதிடுங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு முக்கியமாகப் பட்டது. வாயால் சொன்னது மறந்துபோகும். எழுதி வைத்தது பதவி உயர்வு நேரத்தில் திரும்ப மேலே வரும். தனியாகக் கேட்கும் மன்னிப்பு முதல் என்றால், அந்தத் திருத்தத்தை நான் ஐந்தில் ஒரு பங்காகப் பார்க்கிறேன்.

மத்தேயு 5:23-24க்கு வருவோம். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவனுக்கு, தன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகவேண்டும். இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயருக்கு அது ஏறக்குறைய மூன்று நாள் நடை. போய்ச் சமாதானமாகித் திரும்பி வரும்வரை காணிக்கை காத்திருக்கட்டும் என்கிறார். நம்மில் பலர், "எனக்கு அவன்மேல் எந்தக் கோபமும் இல்லை" என்று சொல்லி இந்த வசனத்தைக் கடந்துவிடுகிறோம். வசனம் கேட்பது அதுவே இல்லை, அவனுக்கு உங்கள்மேல் குறை உண்டா என்பதுதான் கேள்வி.

நாவைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள், அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். விசுவாசிகள் நடுவில் புறங்கூறுதல் பெரும்பாலும் ஜெபக்குறிப்பாகத்தான் உள்ளே வருகிறது. "அவங்க குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று ஆரம்பித்து, கேட்டவருக்குத் தேவையே இல்லாத விவரமெல்லாம் வெளியே வந்துவிடும். குறை இருந்தால் முதலில் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" பேசு என்று மத்தேயு 18:15 வரிசையே போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தத் தனிப்பேச்சு நடக்காதவரை மூன்றாவது ஆளுக்கு அந்த விஷயத்தில் வேலை இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். வசனத்தை முதலில் வாசிக்கவேண்டியது நமக்கு. வீட்டில் அடிபடுகிற ஒருவரிடம் போய் "ஏழெழுபதுதரம் மன்னிக்கணும்" என்று சொல்லி வாயை அடைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது. சிறியவரில் ஒருவனை இடறச்செய்கிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லை, அதாவது மாவரைக்கும் பெரிய கல்லை, கட்டி ஆழத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்ற எச்சரிப்பும் அதே மத்தேயு 18இல்தான் இருக்கிறது. மன்னிப்பு என்பது அடிக்கிறவருக்குப் பாதுகாப்பு ஆகிவிடக்கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் தேவை பாதுகாப்பான இடமும் சட்டத்தின் உதவியும்தான்.

"இதெல்லாம் கிரியையினால் நீதிமானாகப் பார்ப்பதாகிவிடாதா?" என்றும், அதாவது கிருபையை விட்டு நம் செயல்களாலேயே தேவனுக்கு முன் நீதிமானாக முயல்வதாகிவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். சகேயுவின் கதையில் வரிசையைப் பாருங்கள். இயேசுவைப் பார்க்க ஏறிய காட்டத்தி மரத்தில் அவன் இருக்கும்போதே, ஒரு காசையும் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொல்லிவிட்டார். பாதி ஆஸ்தியும் நாலத்தனையும் அதற்குப் பிறகு வந்தவை. எபேசியர் 2உம் கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்ததாக நற்கிரியைகளைச் செய்வதற்குச் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது.

நான் செய்வது ரொம்பச் சின்ன விஷயம். காலையில் வாசித்த பகுதிக்குப் பக்கத்தில், "இன்னும் அன்பாயிருக்கணும்" என்பதுபோல் எழுதாமல், ஒருவர் பெயரையும், அவருக்குச் செய்யவேண்டிய காரியத்தையும், எதற்குள் என்பதையும் நோட்டில் எழுதுவேன். சில நாள் எந்தப் பெயரும் வராது. வலிந்து தேடாதீர்கள். வந்துவிட்டால் அன்றைக்கே முடித்துவிடுங்கள். சில பெயர்கள் உயிரோடு இல்லாதவர்களுடையதாக இருக்கும். எண்ணாகமம் 5 அதற்கும் வழி சொல்லியிருக்கிறது: ஈட்டை வாங்கிக்கொள்ள இனத்தான் ஒருவனும் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். ஆகவே முதலில் அவர்களுடைய பிள்ளைகளையோ உறவினரையோ தேடிப் பாருங்கள். ஒருவரும் இல்லாவிட்டால் அந்தத் தொகையைக் கர்த்தருக்கென்று கொடுத்துவிடுங்கள். ஆள் இல்லை என்பதற்காக நம்மிடமே வைத்துக்கொள்ள வசனம் இடம் கொடுக்கவில்லை.